மேல்வீட்டுச் சமுத்திரம்

ஹால் விட்டத்திலிருந்து சொட்டிய தண்ணீரைச் சுண்டுவிரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

அடுக்ககத்தில் குடியிருப்பவனுக்கு ஒழுகல் புதிதல்ல. வாஷிங் மெஷின் ஒழுகல், பாத்ரூம் ஒழுகல், மொட்டைமாடி மழைத்தண்ணீர் ஒழுகல் மூன்றையும் வாசனையை வைத்தே பிரித்துச் சொல்லிவிடுவேன். கடல் ஒழுகி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. திருவான்மியூரில் எங்கள் தெருவிலிருந்து கடல் கிழக்கே பத்து நிமிட நடை. அது எப்போது புறப்பட்டு வந்து என் தலைக்கு மேலே குடியேறியது என்று யோசித்துக்கொண்டே படியேறினேன்.

பூட்டிக் கிடந்த மேல் ஃப்ளாட்டை யாரோ வேளச்சேரிக்காரர் வாங்கியிருக்கிறார், இன்னும் குடிவரவில்லை என்று மட்டும் தெரியும். முந்தைய வாரம் லிஃப்டில் நுழையாத ஆறடிப் பெட்டி ஒன்றைப் பழைய கம்பளியில் சுற்றி, ஆறு பேர் 'ஐலசா' போட்டுப் படிவழியே தூக்கிப் போனார்கள். பீரோ என்று நினைத்திருந்தேன். பீரோவுக்கு யாராவது 'கண்ணாடி, கண்ணாடி' என்று கத்துவார்களா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

கதவைத் திறந்தவர் அரைக்கால் சட்டையும் தோளில் நாலு துண்டும் இரண்டு கையிலும் வாளியுமாக நின்றார். "கீழ் வீட்டு சாரா? வாங்க வாங்க. அந்த ஹோஸைக் கொஞ்சம் பிடிங்க" என்றார். பிடித்தேன். அப்புறம்தான் மன்னிப்பு, விளக்கம் எல்லாம். "பம்பை நிறுத்தினா மேல் தொட்டித் தண்ணி கொஞ்சம் கீழ சம்ப்புக்கு இறங்கும் சார். கரண்ட் போனா எவ்வளவு இறங்கும்னு டெஸ்ட் பண்ணேன்."

"எவ்வளவு இறங்கிச்சு?"

"உங்க வீடு வரைக்கும்."

இந்த ரகத்து மனிதர்களுக்கு நான் வைத்திருக்கும் பொதுப்பெயர் சமுத்திரராஜன். வருணன் என்றே வைத்திருக்கலாம். ஆனால் வருணனுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில் வராது.

சமுத்திரராஜனை மீன் வளர்ப்பவர் என்று சொல்லிவிடக் கூடாது, மனம் நோகும். ஞாயிற்றுக்கிழமை கொளத்தூரில் பாலித்தீன் பையில் ஒரு ஜோடி தங்கமீன் வாங்கி, ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்தான் மீன் வளர்ப்பவர். இவர் வளர்ப்பது தண்ணீரை. மீன் அதில் தங்கிப்போகும் விருந்தாளி. வேறொரு சமுத்திரராஜன் வீட்டுக்குப் போனால் இவர் மீனைப் பார்ப்பதே இல்லை. நேரே தொட்டிக்கு அடியிலிருக்கும் அலமாரியைத் திறந்து, உள்ளே தலையை விட்டு, "ஸ்கிம்மர் நல்லா இழுக்குதா?" என்பார். ஸ்கிம்மர் என்பது கடல்நீரை நுரைக்கவைத்து, நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி. அதன் கோப்பையில் சேரும் பச்சைக் கஷாயத்தை முகர்ந்துபார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவார்கள். ரகமான காப்பிப் பொடியை முகர்கிறவர் முகத்தில் மட்டும்தான் அந்தப் பரவசத்தைப் பார்த்திருக்கிறேன்.

"கடல்தான் பக்கத்துல இருக்கே சார், நாலு குடம் மொண்டு வந்தா போதாதா?" என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். விவரம் தெரியாதவன் மேல் வருகிற இரக்கத்தோடு பார்த்தார். "கூவமும் அடையாறும் எங்க போய்க் கலக்குதுன்னு நினைக்கறீங்க?" என்றார். ஆகவே அவர் செய்வது இது: லாரித் தண்ணீரை ஆர்.ஓ.வில் விடுவார். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். வந்த நல்ல தண்ணீரையும் நம்பாமல் இன்னொரு வடிகட்டியில் விட்டு, டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை சுத்தம் செய்வார். இப்படிப் பாடுபட்டு எல்லா உப்பையும் எடுத்த பிறகு, வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வந்த உப்பை அதில் கொட்டுவார். ஒரு ராத்திரி பம்பு வைத்துக் கலக்கினால் விடியும்போது கடல் தயார். வங்காள விரிகுடாவுக்குப் பத்து நிமிட தூரத்தில் வீடு வாங்கியவர், கடல் கடந்து வந்த உப்பில் கடல் செய்கிறார்.

புது வீட்டுக்குள் முதலில் உப்பு போக வேண்டும் என்பது நம் சம்பிரதாயம். ஒரு கைப்பிடி போதும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. 28 கிலோ கொண்டுவந்து இறக்கினார். "எதை விட்டாலும் சாஸ்திரத்தை விடமாட்டான் என் பிள்ளை" என்று அவருடைய அம்மாவுக்குப் பரம சந்தோஷம்.

உப்பு லிட்டருக்கு 35 கிராம் என்ற கணக்கில் நிற்க வேண்டும். அதைப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று கையடக்கக் குழல் ஒன்று வைத்திருக்கிறார். இரண்டு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். ஒருநாள் சாப்பிடும்போது ரசத்தில் உப்பு குறைவு என்று சொல்ல, அவர் மனைவி இல்லையென்று மறுக்க, எழுந்துபோய் அந்தக் குழலைக் கொண்டுவந்து ரசத்தை அளந்தாராம். அதை அந்த அம்மாளே என் மனைவியிடம் சொன்னார். "சாம்பார்னா ரீடிங் சரியா வராதாம். கலங்கலா இருக்குமாம்."

இவ்வளவும் தொடங்கியது ஒரு நீமோவில். 2003-ல் வந்த அந்தக் கார்ட்டூன் படத்தைப் பார்த்துவிட்டு மகள் ஒரே ஒரு கோமாளி மீன் கேட்டாள். மகள் படித்து, கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போய்விட்டாள். நீமோவுக்காக வாங்கிய கடல் மட்டும் நிற்காமல் வளர்கிறது. இரண்டடித் தொட்டி மூன்றடி ஆனது, மூன்று நாலானது, இப்போது ஆறு. கோமாளி மீனைப் பற்றி நீங்கள் கேட்காமலே அவர் சொல்லும் சேதி ஒன்று உண்டு: அவை எல்லாமே ஆணாகத்தான் வளர ஆரம்பிக்கும். கூட்டத்தில் ஆகப் பெரியது பெண்ணாகிவிடும், அதுதான் தலைமை. அது செத்தால் அடுத்த இடத்திலிருக்கும் ஆண், பெண்ணாக மாறிப் பொறுப்பேற்கும். சொல்லி முடித்ததும் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

ஒவ்வொரு தடவை தொட்டி பெரிதாவதற்கும் ஒரு மீன் காரணமாக இருக்கும். இந்தத் தடவை நீல டேங். மூன்றங்குலக் குட்டியாக வாங்கியபோதே அது ஓரடிவரை வளரும் என்று தெரியும். வளர்கிற பிள்ளை என்று நம் வீடுகளில் இரண்டு சைஸ் பெரிதாகச் சட்டை எடுப்போம். இவர்கள் பிள்ளையை எடுத்துவிட்டு அப்புறம் சட்டைக்கு அலைகிறவர்கள். "பெரிய தொட்டின்னா வேலை கம்மி சார்" என்பது இவர்களுடைய சித்தாந்தம். அதில் உண்மை இல்லாமலில்லை. தண்ணீர் அதிகமானால் சூடும் உப்பும் சட்டென்று ஏறி இறங்காது. "நாலடி வாங்கறப்பவும் இதையேதான் சொன்னார். இதுதான் கடைசின்னும் சொன்னார்" என்று உள்ளிருந்து குரல் வரும்.

ஆறடித் தொட்டிக்கு வாடகை வீடு ஒத்துவராது என்று சொந்த வீடு தேடினார். மற்றவர்கள் வீட்டுக்கு ஏற்ற சோபா தேடுவார்கள். பள்ளிக்கூடம், கோயில், மார்க்கெட் எவ்வளவு தூரம் என்று தரகர் வாயோயாமல் சொல்ல, இவர் தலையை அண்ணாந்து "பீம் எந்தப் பக்கம் ஓடுது?" என்று மட்டும் கேட்டாராம். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டியில் 680 லிட்டர் பிடிக்கும். கீழே அலமாரிக்குள் இருக்கும் சம்ப் என்ற சின்னத் தொட்டியில் இன்னொரு 150. கண்ணாடி, கல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டும். ஐந்து பேர் ஏறி உட்கார்ந்த மாருதி 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறார்கள். அதனால் தூணுக்குப் பக்கத்தில், பீமுக்கு மேலே, சுவரை ஒட்டி வைக்க வேண்டும். பொறியாளர் ஒருவரை அழைத்துவந்து தட்டிப் பார்த்து ஒப்புதல் வாங்கியிருக்கிறார். இருந்தாலும் இதைக் கேட்ட அன்றே என் சாய்வு நாற்காலியைச் சமையலறைப் பக்கம் நகர்த்திவிட்டேன்.

வாஸ்துவில் அவருக்கு நம்பிக்கை கிடையாது, ஒரே ஒரு விதியைத் தவிர. ஈசானிய மூலையில் தண்ணீர் இருந்தால் விசேஷம். அந்த ஒன்றைச் சொல்லித்தான் வீட்டில் சம்மதம் வாங்கினார்.

குடிவருகிற நாளன்று காலை ஆறு மணிக்குப் பால் காய்ச்ச நல்ல நேரம். என்னை ராத்திரி இரண்டரைக்கு வேளச்சேரிக்கு வரச் சொல்லியிருந்தார். ஹோஸ் பிடிக்கத் தெரிந்தவன் என்ற தகுதியில் எனக்கு அழைப்பு.

கடலைக் காலி செய்வதில் இவ்வளவு நெளிவுசுளிவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இருபது லிட்டர் கேன்கள் பதினைந்து, கழுவிய பெயின்ட் வாளிகள், தெர்மாக்கோல் பெட்டிகள் என்று வீடு முழுக்கக் கல்யாணச் சமையற்கட்டு மாதிரி பரப்பிவைத்திருந்தார். பழைய தண்ணீரில் பாதி கேனில். பிறகு பவளங்கள். அவரிடம் இருப்பவை எல்லாம் மெத்தென்ற பவளங்கள், காளான் போலவும் தோல் போலவும் அசைகிறவை. கல்போல் இறுகும் பவளங்களைத் தொடமாட்டார். "2001-லேர்ந்து அதெல்லாம் வன உயிரினச் சட்டத்துல முதல் அட்டவணை சார். புலி இருக்கிற லிஸ்ட்." அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழும், ஏதோ பக்கத்து அறையில் ரேஞ்சர் உட்கார்ந்திருப்பதுபோல.

அடுத்தது கற்கள். கல்லை எடுக்காமல் மீனைப் பிடிக்க முடியாது. எல்லாம் பொந்துக்குள் போய்விடும். கல்லைத் தூக்கியதும் அவர் குழந்தையைக் குளிப்பாட்டி எடுத்ததுபோல ஈரத்துணி சுற்றித் தண்ணீருள்ள வாளியில் வைத்தார். "கல்லுதானே" என்று நான் சும்மா சொன்னேன். பதினைந்து நிமிடம் போனது. தொட்டிக்கு உயிர் தண்ணீரில் இல்லையாம், கல்லின் நுண்துளைகளில் வாழும் பாக்டீரியாவில் இருக்கிறதாம். மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கி விஷத்தை முறிப்பது அவைதான். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடற்கல்லையும் காற்றுக் குமிழியையும் மட்டும் நம்பிக் கடல்தொட்டி வைத்துக் காட்டி, 1961-ல் அதை எழுதியும் வைத்தாராம். கல் காய்ந்தால் பாக்டீரியா போச்சு, பாக்டீரியா போனால் நாளைக் காலையில் மீன் குழம்பு.

அவருடைய அம்மா நல்லெண்ணத்தில், "வழவழன்னு இருக்கே, வெந்நீர்ல போட்டு அலசித் தரட்டுமா?" என்றார். மனிதர் அலறிய அலறலில் எதிர்வீட்டு நாய் எழுந்துகொண்டது. சில மொட்டுப் பவளங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்குமாம்; கல்லைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியைச் சுவாசித்து, குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டாம். "நீ சும்மா உட்காரும்மா, தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தக் கற்களில் ஒன்றுக்கு இன்னொரு கதையும் உண்டு. போன வருஷம் ராத்திரியில் ஹாலில் 'டொக்... டொக்' என்று கேட்க, பல்லி சொல்கிறது என்று அவருடைய அம்மா பஞ்சாங்கத்தில் பலன் பார்த்திருக்கிறார். தென்மேற்கிலிருந்து சொன்னால் இன்ன பலன் என்று போட்டிருந்ததை நம்பி ஒரு நிலத்துக்கு முன்பணம் கொடுக்கிற வரை போய்விட்டார்களாம். பல்லி இல்லை. கல்லுக்குள் ஒளிந்து வந்த மாண்டிஸ் இறால், நத்தை ஓட்டைச் சம்மட்டிபோல் அடித்து உடைக்கிற சத்தம். தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டித் திருப்பிச் செருகி, கண்ணி வைத்துப் பிடித்தார். நிலம் நல்ல விலைக்கு ஏறியிருக்கிறது என்கிறார் அம்மா. பல்லியோ இறாலோ, பலன் பலித்ததே!

கடைசியில் மீன்கள். குட்டி யானை வண்டியின் முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் நீல டேங் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சமுத்திரராஜன். பெட்டிக்குள் காற்றுக் குமிழிக்குப் பேட்டரி பம்பு. பின்னால் கேன்களுக்கு நடுவே நான். எங்களுக்குப் பின்னால் ஆட்டோவில் பெருமாள் படம், குத்துவிளக்கு, அம்மா, மனைவி. ஸ்பீட் பிரேக்கர் வரும்போதெல்லாம் முன்னாலிருந்து, "அண்ணே மெதுவா, தூங்கறாங்க" என்று குரல் கேட்டது.

மணலைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன்: பழையதை அப்படியே கொட்டினால் அடியில் வருஷக்கணக்காகச் சேர்ந்த சேறு கிளம்பி எல்லாவற்றையும் கொன்றுவிடும். அதனால் புது மணல். பழையது உறைமோர் அளவுக்கு ஒரு கைப்பிடி.

ஐந்தரை மணிக்கு மேல்தான் ஆபத்து வந்தது. எண்ணிப் பார்த்ததில் ஒரு மீன் குறைந்தது. சுட்டுவிரல் நீளத்தில் கோபி என்றொரு வகை, நம்மூர் உளுவைக்குச் சொந்தம். "கோபியைக் காணோம்!" என்று மாடியிலிருந்து அவர் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிவிட்டு, "என்ன வயசு சார்? என்ன சட்டை போட்டிருந்தார்?" என்று ஓடிவந்தார். கேன்களைக் கவிழ்த்துப் பார்த்தோம், வண்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். இல்லை. மீதமிருந்த உடைந்த கற்களைச் சம்ப்பில் போட்டுவிட்டு, சோகமாகக் குளித்துவிட்டு வந்து பாலைக் காய்ச்சினார்கள். பொங்கியது. அவர் முகம்தான் பொங்கவில்லை. அன்று மாலை படிக்கட்டில் யாரோ யாரிடமோ "பாவம், அவங்க வீட்டுல கோபி போயிட்டாராம், குடிவந்த அன்னைக்கே" என்று சொல்ல, மூன்றாம் மாடியிலிருந்து ஒரு தம்பதி துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். அவரும் விஷயம் புரியாமல், "சின்ன வயசு. நல்லா சாப்பிட்டுட்டுதான் இருந்தான்" என்று கண்கலங்கியிருக்கிறார்.

எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கும் அவருக்கும் இப்படித்தான் ஒரு சிக்கல். இந்த ஊரில் சம்ப் என்றால் தரைக்கடியில் லாரித் தண்ணீர் இறக்கும் தொட்டி. இவரோ மாதக் கூட்டத்தில் பக்கத்திலிருந்த என்னிடம், "சம்ப்புல நேத்து ஒரு முழ நீளத்துக்குப் புழு பார்த்தேன். விட்டுட்டேன், நல்லதுதான்" என்றார். செயலாளர் அந்த வாரமே எல்லோரிடமும் முந்நூறு ரூபாய் வசூலித்துத் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார். உண்மையைச் சொல்லும் துணிச்சல் எங்கள் இருவருக்குமே இல்லை.

புதுத் தொட்டி உடனே அழகாகிவிடவில்லை. ஒரு மாதம் பழுப்புத் தூசியாகப் படிந்தது, அப்புறம் பச்சைமுடி முளைத்தது. அவர் கலங்கவில்லை. 1846-ல் ஆனா தைன் என்ற ஆங்கிலச் சீமாட்டி டார்கீ கடற்கரையிலிருந்து பவளங்களை லண்டனுக்குக் கொண்டுபோய் வளர்த்த கதையைச் சொன்னார். அந்தக் காலத்தில் காற்றுப் பம்பு ஏது? வேலைக்காரப் பெண் ஒருத்தி ஜன்னலோரம் நின்று, தினமும் அரைமணி முக்கால்மணி நேரம் கடல்நீரைப் பாத்திரம் மாற்றிப் பாத்திரம் ஆற்றிக்கொண்டே இருப்பாளாம். டிகாக்‌ஷன் காப்பி ஆற்றுவதுபோல.

"அவளுக்குச் சம்பளமாவது கொடுத்திருப்பாங்க" என்றார் அவர் மனைவி.

அவர்கள் ஊருக்குப் போகும்போது எனக்குத்தான் சாவி. ஆவியாகிற தண்ணீர் நாளுக்கு ஏழெட்டு லிட்டர் இருக்கும். அதற்கு ஈடாக நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், உப்புத்தண்ணீர் அல்ல. "மரக்காணம் உப்பளத்தை நினைச்சுக்கோங்க. தண்ணிதான் போகும், உப்பு அங்கேயே இருக்கும்." நினைத்துக்கொண்டேன். தினமும் இரண்டு வேளை நினைத்துக்கொண்டு ஊற்றினேன். ஊற்றிவிட்டு உடனே வந்துவிடலாம்தான். ஆனால் அந்த நீல வெளிச்சத்தில் பவளங்கள் மூச்சுவிடுவதுபோல அசைவதைப் பார்த்துக்கொண்டு ஒரு பத்து நிமிடம் உட்காருவேன். ஒருநாள் அரைமணியாகி, என் வீட்டில் தோசை ஆறிவிட்டது.

ஆடிக் காற்றில் எங்கோ கம்பி அறுந்து ஒருநாள் இரவு பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. தூங்கிவிட்டேன். ஒரு மணிக்குச் சட்டென்று விழிப்பு. விட்டத்தின் வழியே மூன்று மாதமாக இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மெல்லிய ரீங்காரம் நின்றிருந்தது. மேலே இன்வர்ட்டர் தீர்ந்துபோனது என்று புரிந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு படியேறினேன். கதவு திறந்தே இருந்தது.

"வந்துட்டீங்களா" என்றார், வருவேன் என்று தெரிந்தவர்போல. பேட்டரி பம்புகள் குமிழ் விட்டுக்கொண்டிருந்தன. அவர் மனைவி பிளாஸ்டிக் சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். லண்டன் வேலைக்காரியின் ஞாபகம் வந்தது, வாயைத் திறக்கவில்லை.

"சம்ப்புல தண்ணி எவ்வளவு ஏறியிருக்குன்னு அடிச்சுப் பாருங்க."

மண்டியிட்டு அலமாரிக்குள் டார்ச் அடித்தேன். மீதக் கற்களின் இடுக்கிலிருந்து சின்னதாய் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. இரண்டு கண்களும் தலைக்கு மேலே வைத்ததுபோல.

"சார்... கோபி!"

அவர் வாளியைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் விழுந்தார். கல்லின் பொந்துக்குள்ளேயே இருந்து, கல்லோடு வந்து, கல்லோடு சம்ப்பில் இறங்கி, அங்கே விழுகிற மிச்சம் மீதியைத் தின்று மூன்று மாதம் இருந்திருக்கிறான். முன்பைவிடக் கொஞ்சம் தடித்திருந்தான். "கோபி கிடைச்சுட்டான்!" என்ற குரல் கீழே இருட்டில் வாட்ச்மேன் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும், "நல்லது சார், எந்த ஊர்ல இருந்தாராம்?" என்று பதில் வந்தது.

சமுத்திரராஜன் எழுந்திருக்கவில்லை. கன்னத்தைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு அந்த உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம் சார். எவ்வளவு இடுக்கா இருக்கு பாருங்க. இவனுக்கெல்லாம் இங்க இடமே பத்தல..."

அவர் மனைவி சொம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் கையிலிருந்த டார்ச்சை வாங்கி அணைத்தார்.